முன்னால் நடப்பவர்

செவ்வாய், இரவு

சாயந்தரம் நானும் கணவரும் டீவியில் ஒரு புதிர் விளையாட்டு விளையாடினோம். அதில் ஆளைக் கண்டதும் தானாகவே சுடும் இயந்திரத் துப்பாக்கிகள் நிற்கின்றன. ஒன்றின் சிவப்புக் கோடு தன் பொம்மையின் காலில் விழுந்ததும் அவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"எனக்கு ஏலாது. நீயே விளையாடு."

கம்பியில் கால் பட்டதும் தானாகச் சுடும்படி காட்டுப்பன்றிக்குக் கட்டியிருந்த துவக்கு அவர் காலில் வெடித்ததிலிருந்து இப்படித்தான்.

"அங்க கிடக்கிற இரும்புப் பெட்டியைப் புடிச்சிக்கிட்டு நான் முன்னால போறேன். நீங்க பின்னாலயே வாங்க" என்றேன்.

குண்டெல்லாம் பெட்டியில் பட்டுத் தெறித்தது. அவரே மறுபடி ரிமோட்டை எடுத்து, சுற்றிப் போய்த் துப்பாக்கியைத் தள்ளிச் சாய்த்தார். அது அடங்கிப்போனது. எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார்.

மாதாவுக்கு நன்றி. துவக்கு வெடித்த அன்றைக்கு, நாவுல ஊர்த் தோட்டத்து ஒற்றையடிப் பாதையில் அவர்தான் எனக்கு முன்னால் நடந்தார். என் கால்கள் இரண்டும் இந்தப் போர்வைக்குள் பத்திரமாக இருக்கின்றன.