எல்லை தாண்டின ஆக்கள்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

மாதாவின்ர புண்ணியத்தில நான் சுகமா இருக்கிறன். அப்பாவுக்கு முழங்கால் நோ குறைஞ்சுதோ? இங்க பாரிசில இருந்து எங்கட ஊர் பேசாலைக்கு வாற ஒரு அண்ணையிட்ட இதைக் குடுத்து விடுறன். அவருக்கு விசா இருக்கு, வந்திட்டுத் திரும்பிப் போகலாம்.

போன கிழமை நான் வேலை செய்யிற சாப்பாட்டுக் கடைக்குப் பொலிஸ் வந்து எல்லாரின்ர விசாவும் பார்த்தது. பயப்பிடாதேங்கோ, நான் மீன் வைக்கிற குளிர் அறைக்குள்ள ஒளிச்சிருந்தனான். சும்மா இருக்க ஏலாமல் பெட்டியில கிடந்த மீன்களின்ர செவிளைத் தூக்கிப் பார்த்தன். அப்பா, இதுகளை எங்கட கரையில பூனையும் தின்னாது.

பொலிஸ் போன பிறகு, பெரிய சமையல்காரர், அவரும் தமிழ் ஆள்தான், "சட்டம் எண்டால் சட்டம். களவா வந்த உங்களாலதான் எங்களுக்கும் கரைச்சல்" எண்டு ஏசினார். எனக்குக் கோவம் வரேல்ல. அப்பா, உங்கட குரல்தான் கேட்டது. இந்தியப் படகுகள் எல்லை தாண்டி வந்து எங்கட வலையை அறுத்தால், "பிடிச்சு உள்ள போடுங்கோ" எண்டு மீனவர் சங்கக் கூட்டத்தில கத்துவீங்கள். நானும் பக்கத்தில நிண்டு கத்தினனான். வலை அறுந்த ஆக்கள் வேற என்னத்தைச் சொல்லுறது?

அம்மா, கொஞ்சம் கருவாடும் நான் கடலுக்குக் கட்டிக்கொண்டு போற பழைய சறமும் அந்த அண்ணையிட்ட குடுத்து விடுங்கோ. சறத்தைத் தோய்க்க வேண்டாம்.

வேலைக்குக் கூப்பிடினம். அப்பா, இனி அந்த இந்தியப் படகுப் பெடியள் பிடிபட்டுக் கரைக்கு வந்தால் நல்லா ஏசுங்கோ. ஏசி முடிச்ச பிறகு, "சாப்பிட்டியளோ?" எண்டு ஒருக்காக் கேளுங்கோ.

உங்கட மகன்,
எமில்