மூன்று வாரம் மறைத்த பதில்

இன்று காலை ஆய்வகத்தில் உன் செல்களுக்கு உணவு மாற்றினேன். குடுவையின் மூடியைத் திறந்ததும் அதே வெதுவெதுப்பான, லேசாக இனிக்கும் வாசம். மேலே உன் பெயர் இல்லை. விதிப்படி ஓர் எண் மட்டும்தான். நுண்ணோக்கியில் பார்த்தால் நுரைக் குமிழ்கள் மாதிரி இருக்கின்றன. நீ போய் இரண்டு தீபாவளி ஆகிவிட்டது. இவை இன்னும் பெருகிக்கொண்டிருக்கின்றன. பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது.

முதுகு வலி என்றுதான் ஆரம்பித்தாய். சிங்காநல்லூர்ப் பட்டறையில் நாளெல்லாம் குனிந்து மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று நானே சொன்னேன். டிஸ்க் என்றார்கள், பெல்ட் போட்டார்கள். உட்கார முடியாமல் நின்றுகொண்டே சாப்பிட ஆரம்பித்த பிறகுதான் ஸ்கேன் எடுத்தோம். முதுகெலும்பின் அடியில் கட்டி. எலும்பில் வரும் அபூர்வமான புற்றுநோய். ஸ்கேனைப் பார்த்த மருத்துவரே முன்பு ஒரே ஒருவரிடம்தான் பார்த்திருந்தார்.

“ஏம்புள்ள, நீ கேன்சர் லேப்லதான வேலை பாக்கற? இதுக்கு மருந்து என்ன?” என்று கேட்டாய். உடுமலைப்பேட்டைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் நீ. உன்னிடம் சுற்றி வளைக்க வரவில்லை. வழக்கமான மருந்துகள் இதைத் தொடுவதில்லை என்றேன். அறுவை சிகிச்சையில் எடுக்கும் கட்டியில் ஒரு துண்டு எங்களுக்குத் தருவாயா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எடுத்துக்க. எனக்கு அத வெச்சு என்ன காரியம்?” என்றாய்.

தாயின் வயிற்றில் முதுகெலும்பு உருவாகும்போது மட்டும் வேலை செய்யும் மரபணு ஒன்று இருக்கிறது. பிறகு உடம்பு அதை மூடிவிடும். உன் கட்டியில் அது திறந்தே கிடந்தது. மரபணுவின் எழுத்தில் பிழையில்லை. ‘திற’, ‘மூடு’ என்று சொல்லும் அடையாளங்கள்தான் பிசகியிருந்தன. அவற்றைச் சரிசெய்யும் மருந்தைத்தான் தேடினோம். நான் சொல்லி முடிப்பதற்குள், “ஸ்டார்ட்டர் சுவிட்சுல காண்டாக்ட் ஒட்டிக்கிட்டா ஆஃப் பண்ணாலும் மோட்டார் நிக்காதல்ல, அதாட்டந்தான?” என்றாய்.

சில மாதங்கள் கழித்து, நாங்கள் சோதித்த ஒரு வேதிப்பொருள் உன் செல்களில் அந்த மரபணுவை மூடியது. பெருக்கம் நின்றது. அன்று மத்தியானமே பஸ் ஏறி வந்தேன். கட்டி திரும்ப வளர்ந்து, பட்டறையை ஒட்டிய உன் அறையில் குப்புறப் படுத்திருந்தாய்.

“அப்ப எனக்குக் குடு.”

“அது குடுவைல ஊத்தறதுடி. மனுசருக்குக் குடுக்கற மருந்தில்ல.”

“அந்தக் குடுவைல இருக்கறதும் நாந்தான புள்ள?”

மறுநாளே உன் மருத்துவரைப் போய்ப் பார்த்தேன்.

அதே வகை மருந்தை வேறொரு புற்றுநோய்க்காக மனிதர்களிடம் சோதித்துக்கொண்டிருந்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு உன் மருத்துவரும் நானும் எழுதினோம். படிவம் கேட்டார்கள். அனுப்பினால் இன்னொரு படிவம் கேட்டார்கள். கடைசியில் மூன்று வரியில் பதில் வந்தது: இந்த நோய் எங்கள் திட்டத்தில் இல்லை. உன்னைப் போன்றவர்கள் சொற்பம் என்பதை எவ்வளவு நாகரிகமாகச் சொல்லிவிட்டார்கள்!

அந்தப் பதிலை உன்னிடம் நானே சொல்கிறேன் என்று மருத்துவரிடம் அந்தப் பொறுப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சொல்லவில்லை. வரும், வரும் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோபிசெட்டிபாளையத்தில் இருக்கும் அக்காவோடு நீ பேசிப் பல வருடம் ஆகியிருந்தது. அவள் வீட்டுக்கே போய்ச் சமாதானமாக வேண்டும் என்றாய். “மருந்து வந்துரட்டும். படுத்துட்டுப் போனா பாவப்படுவா. நடந்து போயிக் கதவத் தட்டோணும்.” நான் தலையாட்டினேன்.

ஒருநாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாய். “மருந்து இல்லைன்னு பதில் வந்துருச்சாக்கும்?”

“ஆமா.”

“எப்போ?”

“மூணு வாரமாச்சு.”

நீ கத்தவில்லை. “அப்பவே சொல்லியிருந்தா கார்ல படுத்துட்டாச்சும் போயிருப்பேன். இப்ப கட்டில விட்டு எறங்க முடியல. உனக்குச் சொல்லச் சங்கடம்னு எம்பட நாள எடுத்துக்கிட்டியே புள்ள.”

அக்காவே வந்தாள். அதற்குள் வலி மருந்தின் மயக்கத்தில் இருந்தாய். உன் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பேசினாள். உன் காதில் விழுந்ததா, தெரியவில்லை.

நிறுவனத்தின் மேல் கோபப்படுவது எளிது, தினமும் படுகிறேன். அந்த மூன்று வாரத்துக்கு மட்டும் வேறு யாரையும் கைகாட்ட முடியவில்லை.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருவர் ஃபோன் செய்தார். மனைவிக்கு இதே நோய். உன் மருத்துவர்தான் என் எண்ணைக் கொடுத்திருக்கிறார். “ஏனுங்க, நீங்க மருந்து கண்டுபுடிச்சிருக்கறதா சொன்னாங்க.”

“இன்னும் இல்லைங்க. லேப்லதான் வேலை செய்யுது. எப்ப மருந்தா வரும்னு எனக்கே தெரியாதுங்க. உங்க ஊட்டம்மா யாரையாச்சும் பாக்கோணும்னு சொன்னா, இந்த வாரமே கூட்டிட்டுப் போயிட்டு வந்துருங்க.”

“இந்த வாரமேங்களா?” என்று கேட்டார். பிறகு, “சரிங்க” என்று வைத்துவிட்டார்.

 இவருக்கு, கேட்ட அன்றே சொல்லிவிட்டேன்.