திரும்பிய நேரம்

செவ்வாய், பிப். 3

காலையில் பனி. ரோட்டுக்கு அந்தப் பக்கம் உப்பளம் இருப்பதே தெரியவில்லை. அண்ணி தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு பாத்தி வேலைக்குப் போனாள்.

மீனவர் சங்க ஆபீஸ் கம்ப்யூட்டரில் புதிதாக ஒரு ஏஐ. தமிழிலேயே கேட்கலாம். படகுப் பதிவு முழுவதும் அதற்குள்: படகு, போனவர், போன நேரம், திரும்பிய நேரம். எல்லாம் நான் டைப் அடித்தது. எந்தப் படகு எவ்வளவு நேரம் கடலில் இருந்தது என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்துக்கு சார்ட் வேண்டுமாம். மீன்வளத்துறை சார் கேட்டிருக்கிறார்.

ஐப்பசி மாதத்துக்குக் கேட்டுப் பார்த்தேன். பதிவுகளைத் தானே தேடி எடுத்து, தானே படம் போட்டது. ஒரு பயணத்துக்கு ஒரு பட்டை. நீலம். அழகாகத்தான் இருந்தது. அண்ணன் படகைத் தேடினேன். இல்லை. கீழே பொடி எழுத்தில்: ‘திரும்பிய நேரம் இல்லாத பதிவு நீக்கப்பட்டது.’

அப்படி இருப்பது ஒன்றே ஒன்று. கூட வருகிறவனுக்குக் காய்ச்சல் என்று அன்று தனியாகப் போனான் அண்ணன். படகு மட்டும் கடலூர் பக்கம் கிடைத்தது.

மூடிவிட்டேன். வரும் வழியில் தக்காளி, தீப்பெட்டி. கறிவேப்பிலை மறந்துவிட்டது.

புதன், பிப். 4

நல்ல வெயில். சங்கத் தலைவரிடம் சொன்னேன்.

"ஒண்ணுதானேம்மா, வுட்டுடு. இல்லன்னா அன்னிக்கு சாயங்காலம்னு ஏதாவது ஒரு டைம் போட்டுடு."

"எந்த டைம் போடறதுங்க?"

கெட்டவர் இல்லை. அண்ணனைத் தேடி, வாந்தி எடுத்துக்கொண்டே கடலில் அலைந்தவர். டீ வாங்கி எனக்கும் ஒன்று தந்தார்.

அண்ணனுக்கு ‘திரும்பிய நேரம்’ கட்டத்தைக் காலியாக விட்டுவைத்தது நான்தான். அண்ணிக்காக என்று நினைத்திருந்தேன். அவள் தாலியைக் கழற்றவில்லை. காரியம் என்ற பேச்சையே நாங்கள் யாரும் அவள் முன்னால் எடுப்பதில்லை.

வியாழன், பிப். 5

மதியம் வரை கரண்ட் இல்லை. சாயங்காலம் அண்ணி பாதமெல்லாம் உப்புத் தண்ணியில் வெடித்து வந்தாள். தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அப்போதுதான் சொன்னேன், கம்ப்யூட்டர் அண்ணனை எடுத்துவிட்டதை.

காலை இழுத்துக்கொண்டாள். "ஏன் எடுத்துச்சு?"

"அண்ணன் எப்ப வந்துச்சுன்னு நான் போடல, அண்ணி. அதான்."

எண்ணெயைத் தானே எடுத்துத் தடவிக்கொண்டாள். பிறகு, "வரலன்னு எழுதிடு."

"அண்ணி..."

"என்னப் பாத்தா எல்லாரும் வேற பேச்சு பேசறாங்க. ஒருத்தரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கறாங்க. நீயாவது எழுது. எழுதினா அவரு அதுல இருப்பாரு இல்ல?"

வெள்ளி, பிப். 6

யாரும் வருமுன் ஆபீஸ். குறிப்புக் கட்டத்தில் ‘திரும்பவில்லை’ என்று அடித்தேன். ஒரு சொல்தான். இரண்டு தடவை தப்பாக அடித்து அழித்தேன்.

ஏஐயிடம்: எந்தப் பயணத்தையும் விடாதே. திரும்பாததை வேறு நிறத்தில் போடு.

‘முடிவு நேரம் இல்லை. பட்டையை எதுவரை நீட்டட்டும்?’ என்று கேட்டது.

இன்று வரை.

சிவப்பாக ஒரு பட்டை, திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு. மற்ற படகெல்லாம் இடது ஓரத்தில் நூல் நூலாகச் சுருங்கிவிட்டன.

கூட்டத்தில் சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "தப்பா வந்திருக்கு போலயேம்மா. ஒண்ணு மட்டும் ஏன் இவ்ளோ நீளம்?"

"தப்பு இல்லீங்க சார். அது எங்க அண்ணன்."

தலைவர் தரையைப் பார்த்தார். அன்று காய்ச்சலில் படுத்திருந்தவன் பின்வரிசையிலிருந்து எழுந்து வெளியே போய்விட்டான். சார் அந்தப் படத்தை அப்படியே வைத்துக்கொண்டார். மற்ற படகுகளுக்குத் தனியாக ஒன்று போட்டுத் தரச் சொன்னார். மெதுவாகத்தான் கேட்டார். போட்டுத் தந்தேன்.

இனி யாரும் தனியாகக் கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவு. போவார்கள்.

சனி, பிப். 7

காற்று. அண்ணி வேலைக்குப் போகவில்லை. தலைவரை வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பி, "வர்ற அமாவாசைக்குக் காரியம் வெச்சுக்கலாங்க" என்று அவளே சொன்னாள். குரல் பிசிறவில்லை. அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அவர் தெருமுனை திரும்பியிருக்க மாட்டார். அண்ணி அழ ஆரம்பித்தாள். இத்தனை மாதத்தில் இன்றுதான். தெருவுக்கே கேட்டது. கதவைச் சாத்த எழுந்தேன். சாத்தாமல் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.