முப்பத்தோராம் பக்கத்துத் தடிமன்

இன்று காலை, முன்பின் பார்த்திராத ஓர் ஆராய்ச்சி மாணவி குவாஹாத்தியிலிருந்து தன் நோட்புக்கை அனுப்பியிருந்தாள். தாளில் தைத்த நோட்டு அல்ல, கணினியில் திறப்பது. எதைக் கணக்கிடுகிறாள், ஏன், எந்தத் தரவை வைத்து என்பதையெல்லாம் வரிசையாக எழுதி, இடையிடையே நிரலையும் வைத்திருந்தாள். ஒரு பொத்தானை அழுத்தினேன். அவள் கட்டுரையில் பார்த்த அதே வளைகோடு என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து நின்றது. உன்னிடம் சொல்வதற்காகக் கை தானாகப் போனை எடுத்துவிட்டது. நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது.

எழுபதுகளின் கடைசியில் ஹைதராபாத்தில் அந்த அரசு ஆய்வுக்கூடத்தில் நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். நான் திருநெல்வேலியிலிருந்து புதிதாக வந்தவள். நீ அந்த ஊரிலேயே, திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள். உன் அப்பா ராணுவப் பணிமனையில் இருந்தார். உன் தமிழில் பாதி அந்த ஊர்த் தக்கணி உருது. அங்கே இருந்தது ஒரே ஒரு கணினி. நிரலையும் எண்களையும் அட்டைகளில் துளையிட்டுக் கொடுத்தால் மறுநாள் விடை அச்சாகி வரும். மற்றவர்கள் விடையை மட்டும் வைத்துக்கொள்வார்கள். நீ ஒரு பெரிய நோட்டில் ஒவ்வொரு அட்டையையும் எழுதி, எந்த எண் எந்த வரைபடத்திலிருந்து வந்தது என்று குறித்து, பக்கத்திலேயே விடையையும் ஒட்டி வைப்பாய். இதை யார் படிக்கப் போகிறார்கள் என்று கேலி செய்தேன். "நான் லீவுல போனா நீ ஓட்டணும்ல," என்றாய்.

ஒரு தொழிற்சாலைக்காக விசிறி இறக்கை ஒன்றை நாம் கணக்கிட்டது நினைவிருக்கும். முழு வேகத்தில் சுற்றினால் அந்த இறக்கை அதிர்ந்து விரிசல் விடும் என்று நமக்கு விடை வந்தது. பெங்களூரில் இன்னொரு குழு அதே இறக்கைக்குக் கணக்குப் போட்டு, ஆபத்தில்லை என்றது. நம் பிரிவுத் தலைவர் அறிக்கையைச் சத்தமில்லாமல் திரும்பப் பெற்றுக்கொள்ளச் சொன்னார். நான் தலையாட்டிவிட்டேன், அடுத்த மாதம்தான் என் வேலையை நிரந்தரமாக்குவதா என்று முடிவு செய்ய இருந்தார்கள். நீ ஒப்பவில்லை. எங்கே வேறுபடுகிறது என்று தெரியாமல் யாருடைய விடையையும் நம்ப முடியாது, நம் கணக்கை முழுசாக அவர்களுக்கே அனுப்பி ஓட்டச் சொல்லுவோம் என்றாய். அவர் அரை மனதோடு சம்மதித்தார். ஐந்து நாள் உட்கார்ந்து நீ நோட்டைக் கையால் பிரதி எடுத்தாய். நான் அட்டைக்கட்டுக்குப் பிரதியாக இன்னொரு கட்டு அடித்தேன். பெங்களூர் போகிற சக ஊழியர் ஒருவர் இரண்டையும் ரயிலில் கொண்டுபோனார்.

மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. நம் அட்டைகளை அவர்கள் கணினியில் ஓட்டியபோது கடைசி இலக்கம் வரை நம்முடைய அதே எண்கள் வந்தன என்று எழுதியிருந்தார்கள். நான் துள்ளிவிட்டேன். அடுத்த வரியை நீதான் படித்தாய்: முப்பத்தோராம் பக்கத்தில் குறித்திருக்கும் தடிமனும் அட்டையில் இருக்கும் தடிமனும் ஒத்துப்போகவில்லை.

முதல் கட்டிலேயே 6.3 என்பதை 3.6 என்று நான் அடித்திருந்தேன். இரண்டாவது கட்டை முதல் கட்டைப் பார்த்தே அடித்ததால் தப்பும் கூடவே பெங்களூர் போயிருந்தது. திருத்தி ஓட்டினோம். இறக்கையில் ஒரு குறையும் இல்லை.

மற்றவர்களுக்கு அட்டை அடித்துக் கொடுக்கும் துளையிடும் அறைப் பெண்கள் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று உன்னிடம் மெல்லச் சொன்னேன். தினமும் நூற்றுக்கணக்கில் அடிக்கிறவர்கள், யாரும் துருவிக் கேட்க மாட்டார்கள் என்றேன். இதை எழுத இப்போதும் கூசுகிறது.

நீ கோபப்படவில்லை. நோட்டை என் பக்கம் தள்ளினாய். "நக்கோ, வேணாம். அந்தக் கார்டு நீ அடிச்சது. நீயே எழுது."

"என் வேலை போயிட்டா?"

"போகாது. தப்பு எங்கன்னு பக்கம் போட்டுக் காட்ட முடியறது நம்ம நோட்டுலதான். நாம போட்ட கணக்கு அவ்வளவு சுத்தம்டி."

முப்பத்தோராம் பக்கத்தில் தேதி போட்டு, தப்பு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பெங்களூர்க்காரர்களும் வந்திருந்த கூட்டத்திலும் நானே சொன்னேன். பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெங்களூர்க் குழுவின் தலைவர்தான் எழுந்தார். தங்கள் நிரலை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டாராம். உள்ளே என்ன இருக்கிறது என்று அங்கே ஒருவருக்கும் தெரியாதாம். இனி உங்கள் நிரலையும் நோட்டையும் நாங்கள் பயன்படுத்தலாமா என்று கேட்டார். "எப்ப வேணும்னாலும்," என்றாய் நீ, ஏதோ பேனா இரவல் கொடுப்பதைப் போல. அந்த மாதமே என் வேலையும் நிரந்தரமானது.

இப்போது நான் எழுதும் நோட்புக்குகள் இணையத்தில் திறந்து கிடக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து ஓட்டலாம். எந்தக் கணக்கைத் தொடங்கினாலும், எனக்குத் தெரியாத ஒருவர் பின்னால் வந்து சரிபார்ப்பார் என்று நினைத்தே எழுதுகிறேன். அவருக்காக வழியைச் சுத்தமாக வைக்கிறேன். போன வாரம் புனேயிலிருந்து ஒரு பேராசிரியர் ஒரு பிழையைச் சுட்டிக்காட்டினார். சரியாகத்தான் சொல்லியிருந்தார். பழைய வரியை அழிக்காமல் அதன் கீழே திருத்தத்தை எழுதி, என் பெயரைப் போட்டு, அவருக்கு நன்றி அனுப்பினேன். காபி ஆறுவதற்குள் அந்த வேலை முடிந்துவிட்டது.