கீரை வாங்காத சனிக்கிழமை

திருவொற்றியூர்,
10-1-1954

அன்புள்ள ஃப்ளோரன்ஸ் அக்காவுக்கு,

புஷ்பவல்லி எழுதிக்கொண்டது. நானும் வீட்டுக்காரரும் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை. அது தன் கஷ்டத்தைத் தனியாக எழுதிக்கொள்ளட்டும், இந்தக் காகிதத்தில் அதற்கு இடம் கிடையாது.

உங்கள் கடிதம் வந்தது. கரக்பூரிலேயே தம்பி வால்டர் வீட்டோடு இருந்துவிடப் போவதாகவும், என்னிடம் விட்டுப்போன இரண்டு பெட்டியையும் தையல் மெஷினையும் ரயிலில் போட்டுவிடும்படியும் எழுதியிருக்கிறீர்கள். வெளியே காலடி வைப்பதே இல்லை, நடையே மறந்துபோயிற்று என்றும் ஒரு வரி. அந்த வரியைப் படித்துவிட்டு அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

உங்களவர் ஜார்ஜ் அண்ணன் கல்லறைக்குப் போன ஞாயிற்றுக்கிழமை சாமந்தி வைத்துவிட்டு வந்தேன். புல் முளைத்திருக்கிறது. நன்றாகத்தான் இருக்கிறது.

எதிர்வீட்டு மங்கை தன் வயதில் மறுபடி இரண்டு குறைத்துவிட்டாள். இப்போது சொந்தத் தம்பிக்கே தங்கையாகிவிட்டாள். இதை யாரிடம் சொல்லிச் சிரிப்பது? அதற்காகவே நேற்றுக் காலை நம் பெரிய பையை எடுத்துக்கொண்டு, நாம் சனிக்கிழமைதோறும் கீரைக்குப் போகிற சாத்தாங்காட்டுப் பாதையில் கிளம்பினேன். நீங்கள் போனபிறகு முதல் தடவை.

ரயில்வே கேட்டில் காஜா மொய்தீன் பாய் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, ஒண்டியா வர்றே? தோஸ்து எங்கே?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்காங்க என்றேன். "எப்ப வருவாங்க?" என்றார். ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கால்வாய்ப் பாலம் தாண்டியதும் மார்கழிப் பனி. பனைமரங்களுக்கு இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லை. நெல்வயலுக்கு நடுவே ஒரு படகுப் பாய் மட்டும் மெல்ல நகர்ந்து போயிற்று. விறகுப் படகும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை, சத்தமும் இல்லை. யாரோ தூக்கத்தில் நடப்பதுபோல இருந்தது. நானும் அப்படித்தான் நடந்தேன் போலிருக்கிறது. அல்லிக்குளத்துத் திருப்பத்தில், மங்கை கதையை ஆரம்பத்திலிருந்து, அவள் கழுத்தைச் சொடுக்குகிற மாதிரி சொடுக்கிக் காட்டி, உங்களுக்குச் சொல்லி முடித்துவிட்டேன். சிரிப்புச் சத்தம் வரவில்லையே என்று திரும்பினால் ஒரு எருமை நிற்கிறது. மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தது. உங்களைப் போல நடுவில் குறுக்கிடவில்லை.

நம் பை இருக்கிறதே, அதை ஒருத்தி தூக்கினால் முழங்காலில் இடித்துக்கொண்டே வருகிறது. நீங்கள் ஒரு காது, நான் ஒரு காது பிடித்து ஆட்டிக்கொண்டு போனபோது அது இருப்பதே தெரிந்ததில்லை.

வீட்டுக்குத் திரும்பி வாசலில் கால் கழுவும்போதுதான் பார்த்தேன். பை காலி. கீரை வாங்க மறந்துவிட்டேன்!

இரண்டு பொம்பளைகள் சும்மா நடந்துவிட்டு வருகிறோம் என்று சொன்னால் தெரு சிரிக்கும் என்றுதானே நாம் கீரையைக் கண்டுபிடித்தோம்? அந்தப் பொய் கையும் களவுமாய் மாட்டிக்கொண்டது. இவர் உள்ளே உங்கள் மெஷினை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகக் கயிறு போட்டுக்கொண்டிருந்தார். "இன்னாம்மே, கீரை எங்கே?" என்றார். நன்றாக இல்லை, வாங்கவில்லை என்றேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரிக்கிறார்.

"நம்ம தெருவுலயே தெனம் கீரைக்காரி கூவிக்கினு போறா. அத வுட்டுட்டு சாத்தாங்காட்டுக்கு நடக்கறவங்க கீரைக்கா போறீங்க? எனக்கு மொத வாரமே தெரியும்."

அப்படியானால் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டா வெக்கப்பட்டு நின்னுடுவீங்க. அதான் இத்தினி வருசமா வாய மூடிக்கினு கீரை துன்னேன். எனக்கு அது புடிக்கவே புடிக்காது."

அக்கா, துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற மனுஷனுக்குள்ளே இவ்வளவு இருக்குமென்று எனக்குத் தெரியாது. அப்புறம் அவர் மெஷினில் கட்டிய கயிற்றை அவிழ்த்துவிட்டார். "அவங்க வந்து கட்டச் சொன்னா கட்டலாம்," என்றார்.

ஆகையால் பார்சல் அனுப்பவில்லை. மெஷினைப் பின்னறை ஜன்னலோரம் போட்டு எண்ணெய் விட்டிருக்கிறோம். கான்வென்ட்டுச் சிஸ்டர் பிள்ளைகளுக்குச் சீருடை தைக்க ஆள் கேட்டார்; ஆள் ஊருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பின்னறைக்குத் தனி வாசல் இருக்கிறது. நீங்கள் யார் வீட்டிலும் ஒண்டியிருக்க வேண்டாம். வாடகை வேண்டுமானால் கொடுங்கள், நான் சண்டை போட்டுவிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

வால்டர் தம்பியைக் கோபித்துக்கொள்ளாமல் சொல்லிக்கொண்டு வாருங்கள். மாதா உங்கள் கால்களுக்கு வழி காட்டட்டும். மறந்த நடையை அந்தப் பாதை ஞாபகப்படுத்தும். கீரை இனி வேண்டாம், பை மட்டும் போதும். என் பக்கத்துக் காதை நான் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
புஷ்பவல்லி கருணாகரன்