சிரித்தபடி வழியனுப்பியவள்

என்னங்க,

உங்கள் புதுப் பெயரை எழுதக் கை வரவில்லை. பழைய பெயரை நீங்களே வேண்டாமென்று கழற்றிப் போட்டுவிட்டீர்கள். அதனால் பதினேழு வருடத்துக்கு முன்னால் எப்படிக் கூப்பிட்டேனோ அப்படியே தொடங்குகிறேன். நலமா என்று கேட்கத் தேவையில்லை. உங்கள் புத்தகத்தின் அட்டைப் படத்தில் முகம் பளபளவென்று இருக்கிறது, கன்னத்தில் கொஞ்சம் சதையும் போட்டிருக்கிறது.

இங்கே லாண்டரிக் கடை நடக்கிறது. பழைய ஸ்டீம் பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினேன். இடுப்பு வலிதான் விடமாட்டேன் என்கிறது. நாள் முழுக்க நின்றுகொண்டே தேய்த்தால் வேறென்ன வரும்?

உங்கள் தன்வரலாற்றைப் படித்தேன். வெளுக்கப் போட்ட கோட்டை வாங்க வந்த பள்ளிக்கூடத் தலைமையாசிரியை கொண்டுவந்து கொடுத்தார். "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்? நீங்க மனுஷியே இல்லம்மா, தெய்வம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. இத்தனை வருடம் அவர் கோட்டிலிருந்து மைக்கறை எடுத்துக் கொடுத்தபோதெல்லாம், கூலி அதிகம் என்று முனகிவிட்டுத்தான் போவார்.

பாதிப் புத்தகம் வரை சிரித்துக்கொண்டேதான் படித்தேன். ஊரார் அழுக்கை வெளுத்துக்கொண்டிருந்த நீங்கள் ஒருநாள் உங்கள் ஆன்மாவின் அழுக்கைக் கண்டீர்களாம். ஒரு சட்டைக் காலரைக் கூட உருப்படியாக வெளுத்ததில்லை நீங்கள். எல்லாம் நான் மறுபடி தேய்த்தது. போகட்டும், எழுதுகிறவர் கொஞ்சம் கூட்டித்தான் எழுதுவார். நீங்கள் வேறு நம்பிக்கைக்குப் போனதிலும் எனக்கு ஒரு வழக்கும் இல்லை. எந்தக் கடவுளைக் கும்பிட்டால் என்ன, கும்பிடுகிற ஆள் நேராக இருந்தால் சரி.

ஏழாம் அத்தியாயத்துக்கு வந்ததும்தான் சிரிப்பு நின்றது. விடியற்காலையில் நான் வாசலில் நிற்கிறேன். உங்கள் பையை நானே அடுக்கித் தருகிறேன். "போயிட்டு வாங்க, உங்க வெளிச்சத்தைத் தேடுங்க" என்கிறேன். சிரித்தபடி வழியனுப்பினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். என் ஜென்மத்தில் நான் அப்படிப் பேசியதில்லை. வெளிச்சம் என்றால் எனக்குக் கரண்ட் பில்தான் ஞாபகம் வரும்.

நடந்தது உங்களுக்குத் தெரியும். மத்தியானம், கடையில் ஆள் நின்ற நேரம். ஸ்டீம் பெட்டிக்கு வால்வு வாங்கி வருகிறேன் என்று போனீர்கள். உங்களுக்கும் சேர்த்துச் சோற்றைப் போட்டு மூடி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்று சாயங்காலத்திலிருந்து நானும் பிள்ளையும் தேடினோம். அவளுக்கு எட்டு வயது. பஸ் நிலையம், போலீஸ் ஸ்டேஷன், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பிணவறை வாசலில் மட்டும் அவளைக் காவலாளியிடம் விட்டுவிட்டு நான் உள்ளே போனேன். வெளியே வந்து தலையை ஆட்டினேன். "அப்பா இல்ல! அப்பா இல்ல!" என்று அந்த இடத்தில் குதித்தாள் உங்கள் மகள். காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்துக் கடைக்குப் போன் செய்தீர்கள். உயிரோடு இருக்கிறேன், தேட வேண்டாம் என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். அதைக் கேட்டது நான் ஒருத்திதான். பிள்ளைக்கு நான் சொல்லித்தான் தெரியும்.

ஏன் மாற்றி எழுதினீர்கள் என்று எனக்குப் புரியாமல் இல்லை. சொல்லிக்கொண்டு போனால் துறவு, சொல்லாமல் போனால் ஓட்டம். ஓடிப்போனவர் கதையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? உங்கள் பிழைப்புக்காக என்னைத் தெய்வமாக்கினால் ஆக்கிவிட்டுப் போங்கள் என்று விட்டிருப்பேன். ஆனால் மகளும் படித்துவிட்டாள்.

அவள் கத்தவில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து கேட்டாள். "எல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டா என்கூடச் சேர்ந்து தேடுற மாதிரி நடிச்ச? அந்தப் பிணவறை வாசல்ல கூடவாம்மா?" என்றாள். சத்தியம் செய்தேன். அப்பா உன்னைப் பற்றிக் கெட்டதாக எழுதியிருந்தால் பொய் என்று நம்புவேன், நல்லதாக எழுதுவதற்கு எதற்குப் பொய் சொல்ல வேண்டும் என்கிறாள். திட்டி எழுதியிருந்தால் எதிர்த்து நின்றிருப்பேன். புகழ்ந்தல்லவா என் வாயை அடைத்துவிட்டீர்கள், பாவி மனுஷா.

விட்டுவிட்டுப் போனதைக் கூட எப்படியோ தாங்கிக்கொண்டோம். ஒன்றும் தெரியாமல் ஏமாந்து நின்றவர்கள் நாங்கள் இரண்டு பேர் என்பதால்தான் இத்தனை வருடம் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம். இப்போது அவளை மட்டும் அங்கேயே நிறுத்திவிட்டு, என்னை உங்கள் பக்கம் இழுத்துக்கொண்டீர்கள். அவள் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியின் விடுதிக்கே குடிபோய்விட்டாள். நான் போன் செய்தால் டியூட்டியில் இருக்கிறேன் என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் புத்தகப் பாராட்டுக் கூட்டத்துக்கு வருகிறாள். உங்களிடமே நேரில் கேட்கப் போகிறாளாம். மேடையில் வேண்டாம், மைக்கில் வேண்டாம். ஓரமாக அழைத்து, உங்கம்மாவுக்கு எதுவும் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். புத்தகத்தில் ஒரு வரியையும் மாற்ற வேண்டாம். எத்தனை பதிப்பு போட்டாலும் அதில் நான் சிரித்துக்கொண்டே நிற்கிறேன். நீங்கள் நம்புகிற கடவுளையே கேட்டுப் பாருங்கள், அவரும் இதைத்தான் சொல்வார்.

ராத்திரி முழுக்க பஸ்ஸில் வருவாள். பசி தாங்க மாட்டாள், வாய் திறந்து கேட்கவும் மாட்டாள். கூட்டம் முடியட்டும் என்று சொல்லி அவளை உட்கார வைத்துவிடாதீர்கள். உங்களுக்காக அவள் காத்திருந்தது போதும்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் அம்மா