நீங்கள் இருவரும் பார்க்க வேண்டிய இடங்கள்

அப்பாவுக்கு இலிங்கா எழுதுவது.

நலமா? வியன்னா, பாரிஸ், ரோம் என்று சுற்றக் கிளம்பப்போகிறீர்கள். முழங்கால் வலி போய்விட்டது போலும். அம்மா இருந்தவரை அவளை எங்கும் கூட்டிப்போக அந்த வலி விடவில்லை.

கேட்டதற்குச் சொல்கிறேன். வியன்னாவில் அரண்மனைத் தோட்டம், பாரிஸில் ஆற்றுப் படகு, இங்கே ரோமில் காலையிலேயே கொலோசியம்.

நேற்று உங்கள் புது மனைவி வியோரிகா போன் செய்தாள்.

"நீ ரூம் கூட்டுற ஹோட்டல்லயே தங்குறோம்டி. படுக்கைய நீயே விரிச்சிடு" என்று சிரித்தாள். பக்கத்தில் நீங்களும் சிரித்தது கேட்டது.

"இடம் இல்ல" என்று வைத்துவிட்டேன். பாதி ஹோட்டல் காலியாகத்தான் கிடக்கிறது.

அம்மாவின் நீலச் சால்வையைக் கொண்டுவாருங்கள், இங்கே குளிர் அதிகம். நீங்கள் ரோமுக்கு வரும் ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு ரயில் நிலைய வாசலில் நிற்பேன். தனியாக வந்தால்தான் கிட்டே வருவேன்.

மாடியில் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

இலிங்கா